‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’: எந்தப் பதிப்பை வாங்குவது? ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் 1973 மார்ச்சில் வெளிவந்தது. அன்றிலிருந்து அதைத் திரும்பத் திரும்ப அச்சடித்துக்கொண்டே இருக்கிறார்கள். எல்பி, கேசட், சிடி, தங்கப் பூச்சு சிடி, எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்தரமான டிஜிட்டல் தட்டு), புளூ-ரே, அப்புறம் மறுபடியும் எல்பி. உள்ளே இருப்பது அதே 43 நிமிட இசைதான். ஆனால் இரண்டு பதிப்புகளை அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், ஒன்றில் சிம்பல் காற்றோடு கரையும், இன்னொன்றில் தகரத்தைத் தட்டியதுபோல் வரும். ஒன்றில் பேஸ் கித்தார் தரையில் கால் ஊன்றி நிற்கும், மற்றதில் மிதக்கும்.

“எதை வாங்கலாம்?” என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அட்டையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்காதீர்கள். எந்த நாடாவிலிருந்து எடுத்தார்கள், அதை இசைத்தட்டாக யார் வெட்டினார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். 180 கிராம் எடைத் தட்டு, வண்ண வினைல், எண்ணிட்ட பிரதி எல்லாம் அதற்கு அப்புறம்தான். கீழே வரும் படிகளை வரிசையாகப் பின்பற்றினால் வேறு எந்தப் பழைய ராக் ஆல்பத்துக்கும் இதே முறையில் நீங்களே முடிவெடுக்கலாம்.

படி 1: நாடாவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆல்பம் பதிவானது லண்டன் அபே ரோட்டில் இருந்த இஎம்ஐ ஸ்டூடியோவில், 1972 மே மாதத்திலிருந்து 1973 தொடக்கம் வரை. பதிவு செய்த பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். கடைசி மிக்ஸிங்கின்போது வெளியிலிருந்து ஒரு காது வேண்டும் என்று கிறிஸ் தாமஸை அழைத்தார்கள். பதிவுக்குப் பயன்பட்டது 16 டிராக் நாடா, அதாவது 16 ஒலித்தடங்களைத் தனித்தனியாக ஏற்கும் நாடா. இந்த ஆல்பத்தில் அடுக்கடுக்காக ஒலிகள் இருப்பதால் 16 டிராக்கும் நிரம்பிவிட்டது. அதனால் பல டிராக்குகளைச் சேர்த்து இன்னொரு 16 டிராக் நாடாவுக்கு மாற்றி, அங்கே மிச்சத்தைப் பதிவு செய்தார்கள். அதை மிக்ஸ் செய்துதான் ஸ்டீரியோ மாஸ்டர் நாடா உருவானது.

நாடாவிலிருந்து நாடாவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இரைச்சல் கூடும், கொஞ்சம் நுணுக்கம் போகும். ஸ்டீரியோ மாஸ்டரிலேயே டிரம்ஸ் போன்ற சில ஒலிகள் மூன்றாவது தலைமுறையில் இருக்கின்றன என்றால், அதற்கும் ஒரு நகல் எடுத்து, அந்த நகலிலிருந்து இசைத்தட்டு வெட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மாஸ்டர் நாடாவை அனுப்ப மாட்டார்கள், நகலைத்தான் அனுப்புவார்கள். அதனால்தான் பிரிட்டிஷ் குழுவின் ஆல்பத்துக்குப் பிரிட்டிஷ் அச்சையும், அமெரிக்கக் குழுவின் ஆல்பத்துக்கு அமெரிக்க அச்சையும் முதலில் தேடச் சொல்கிறார்கள். இது கல்லில் பொறித்த விதி இல்லை. ஆனாலும் தேடலைத் தொடங்க நல்ல இடம்.

அடுத்தது வெட்டும் வேலை. மாஸ்டர் நாடாவில் இருப்பதை அப்படியே இசைத்தட்டில் இறக்க முடியாது. வெட்டும் பொறியாளர் லாக்கர் தட்டில், அதாவது மென்பூச்சுள்ள மூலத் தட்டில், பள்ளம் போடும்போதே எவ்வளவு உரக்க வெட்டுவது, பேஸை எவ்வளவு அடக்குவது, மேல்ஸ்தாயியை எங்கே தூக்குவது என்று நூறு சின்ன முடிவுகள் எடுக்கிறார். அந்த லாக்கரிலிருந்து உலோகத் தாய்த்தட்டு, அதிலிருந்து தட்டை அச்சடிக்கும் ஸ்டாம்பர், ஸ்டாம்பரிலிருந்து உங்கள் கையில் இருக்கும் தட்டு. சமையலில் கைப்பக்குவம் என்கிறோமே, இங்கே அது லாக்கர் வெட்டுபவரின் கையில் இருக்கிறது.

படி 2: தட்டையே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அட்டையும் லேபிளும் மாறிப்போகலாம். பழைய அட்டைக்குள் வேறு தட்டை வைத்து விற்பவர்களும் உண்டு. மாறாதது, கடைசிப் பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையம். டெட் வாக்ஸ் என்பார்கள்.

மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, தட்டை விளிம்பில் பிடித்துச் சாய்த்துக்கொண்டே மெல்லத் திருப்புங்கள். நேராகப் பார்த்தால் வெறும் கருப்பாகத் தெரிந்த இடத்தில், ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் எழுத்துகள் வெள்ளிக் கோடுகளாக மேலெழும். லேபிளுக்குக் கீழே, கடிகாரத்தின் ஆறு மணி இடத்தில், எஸ்எச்விஎல் 804 என்ற பட்டியல் எண்ணும் பக்கத்தில் ஏ-2 அல்லது ஏ-3 என்பதுபோல ஒரு குறியும் இருக்கும். அந்த 2, 3 என்பது எத்தனையாவது வெட்டு என்பதைக் காட்டுகிறது. சேகரிப்பவர்கள் போட்டி போடும் முதல் அச்சுகளில் பொதுவாக இரு பக்கமும் 2 இருக்கும். 3 உள்ள பிரதிகளுக்கும் நல்ல மதிப்பு உண்டு.

ஒன்பது மணி இடத்தில் இருக்கும் எண், எந்தத் தாய்த்தட்டு என்பதைச் சொல்லும். மூன்று மணி இடத்தில் இருக்கும் எழுத்துகள் ஸ்டாம்பர் எண். இஎம்ஐ இதற்குத் தன் பழைய கிராமபோன் கம்பெனிப் பெயரையே ரகசியக் குறியாக வைத்திருந்தது. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5 என்று போகும். பத்தாவது எழுத்துக்குச் சுழியம். ஜி, ஆர் என்று இரண்டு எழுத்து இருந்தால் அது 12-வது ஸ்டாம்பர். எண் சிறியதாக இருந்தால் அந்தத் தாய்த்தட்டிலிருந்து சீக்கிரம் எடுத்த ஸ்டாம்பர் என்று பொருள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பழைய தட்டு விற்கும் கடையில் உங்களை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

லேபிளையும் பாருங்கள். பிரிட்டனில் முதலில் வந்த ஹார்வெஸ்ட் (இஎம்ஐயின் துணை நிறுவனம்) லேபிளில் முக்கோணம் முழுக்க நீலமாக நிரப்பியிருக்கும். பிறகு வந்தவற்றில் வெறும் கோட்டு முக்கோணம். உள்ளே இரண்டு போஸ்டரும் இரண்டு ஸ்டிக்கரும் கொடுத்தார்கள். அவை இருந்தால் விலை ஏறும், ஒலி ஏறாது.

படி 3: எல்பி பதிப்புகளை எடைபோடுங்கள்

1973 பிரிட்டிஷ் அச்சு. நாடா அப்போதுதான் மிக்ஸ் ஆகி வந்திருந்தது, வெட்டியது இஎம்ஐயின் சொந்தக் கூடத்தில். நல்ல நிலையில் ஒரு பிரதி கிடைத்தால் அதன் நடு ஸ்தாயியின் இயல்பு வேறு எதிலும் வராது என்பது என் எண்ணம். சிக்கல் நிலைதான். இது வீட்டுக்கு வீடு விருந்துகளில் ஓடிய ஆல்பம், கனமான ஊசிகள் உழுத ஆல்பம்.

1979 மொபைல் ஃபிடெலிட்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் பதிப்பு, எண் எம்எஃப்எஸ்எல் 1-017. ‘ஆடியோஃபைல் மறுபதிப்பு’ (ஒலித்தரத்தையே முதலில் பார்ப்பவர்களுக்கான பதிப்பு) என்ற சொல்லைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது இதுதான். ஸ்டான் ரிக்கர் அரை வேகத்தில் வெட்டினார். அதாவது நாடாவைப் பாதி வேகத்தில் ஓட்டி, வெட்டும் தட்டையும் பாதி வேகத்தில் சுற்றுவது. மேல்ஸ்தாயி ஒலிகளை வெட்ட ஊசிக்கு இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது, அதனால் அவை துல்லியமாக இறங்கும். ஆனால் அதே காரணத்தால் பேஸ் ஒலிகள் ஒரு ஸ்தாயி கீழே போய், வெட்டும் கருவி சிரமப்படும் இடத்துக்குப் போய்விடுகின்றன. ஜப்பானில் ஜேவிசியின் விசேஷ வினைலில் அச்சானதால் பின்னணி இரைச்சல் அவ்வளவு குறைவு. எனக்கு இதில் சிம்பலும் கடிகார மணிகளும் கொஞ்சம் கூடுதலாக மினுங்குகின்றன. கொஞ்சம் மந்தமாக ஒலிக்கும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இது அமிர்தம். ஏற்கெனவே கூர்மையான ஸ்பீக்கராக இருந்தால் அரை மணி நேரத்தில் காது களைத்துப்போகும்.

1981-ல் அதே நிறுவனம் யுஎச்க்யூஆர் என்ற பெயரில் 200 கிராம் தட்டை, கெட்டிப் பெட்டியில் வைத்து, 5,000 பிரதிகள் மட்டும் எண்ணிட்டு வெளியிட்டது. அழகான பொருள். அதன் விலைக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் மற்ற நல்ல பதிப்புகளைக் கையோடு வாங்கிவிடலாம்.

ஜப்பானின் தோஷிபா-இஎம்ஐ 1978-ல் ‘ப்ரோ-யூஸ்’ வரிசையில் ஒன்றைக் கொண்டுவந்தது. மேற்பரப்பு அமைதிக்குப் பேர்போனது.

2003, 30-வது ஆண்டுப் பதிப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மூல அனலாக் ஸ்டீரியோ மாஸ்டரை எடுத்துவந்து, கலிபோர்னியாவின் அக்கூஸ்டெக் கூடத்தில் டக் சாக்ஸும் கெவின் கிரேயும் வெட்டினார்கள். பிங்க் ஃபிளாய்டோடு பல ஆண்டுகள் வேலை செய்த ஜேம்ஸ் கத்ரி மேற்பார்வை. நாடாவுக்கு முப்பது வயதாகியிருந்தது, உண்மை. ஆனால் 1973-ல் சாதாரண வீட்டு டர்ன்டேபிளில் ஊசி துள்ளிவிடக் கூடாது என்று அடக்கி வெட்டிய பேஸ், இங்கே முழுசாக இறங்கியிருக்கிறது. ‘மணி’ பாட்டின் பேஸ் கித்தார் வரியை இதில் கேட்டுவிட்டு வேறு பதிப்புக்குப் போனால் தரை கொஞ்சம் நழுவியதுபோல் இருக்கும். பழைய தட்டுச் சந்தையில் நான் முதலில் தேடச் சொல்வது இதைத்தான்.

2016 எல்பி: மாஸ்டரிங் (அச்சுக்கு முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்யும் வேலை) ஜேம்ஸ் கத்ரி, ஜோயல் பிளான்ட், பெர்னி கிரண்ட்மன். அதன் பிறகு புதிதாகக் கடைக்கு வந்த எல்பிகளில் பலவும் இதன் வழி வந்தவை. சுத்தமான, சமநிலையான ஒலி. முதல் எல்பியாக வாங்குபவர் தயங்காமல் இதை வாங்கலாம். 2023-ல் 50-வது ஆண்டுக்காகப் பெரிய பெட்டி வந்தது. 2024-ல் கண்ணாடிபோல் தெளிந்த வினைலில், ஒரு பக்கம் இசையும் மறுபக்கம் அச்சிட்ட ஓவியமுமாக இரண்டு தட்டுகள் வந்தன. பார்க்க மிக அழகு. ஒலிக்காக மட்டும் வாங்குபவருக்கு அவசியமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘மூல அனலாக் நாடாவிலிருந்து’ என்று அட்டையில் இருந்தால், நாடாவுக்கும் லாக்கருக்கும் நடுவே டிஜிட்டல் கட்டம் எதுவும் இல்லை என்று அர்த்தமாகாது. 2022-ல் மொபைல் ஃபிடெலிட்டியின் பல எல்பிகள், 2011 முதலே, டிஎஸ்டி என்ற டிஜிட்டல் கோப்பு வழியாக வெட்டப்பட்டவை என்று தெரியவந்தது. பெரிய கொந்தளிப்பு, வழக்கு, பிறகு சமரசம். 1979 பதிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது முழு அனலாக். ஆனால் அந்தப் பதினொரு ஆண்டுகளும் அனலாக் மட்டுமே கேட்போம் என்றவர்கள் அதே தட்டுகளைத்தான் மெச்சிக்கொண்டிருந்தார்கள். நல்ல பொறியாளர் கையில் டிஜிட்டல் கட்டம் இருந்தாலும் தட்டு நன்றாக வரலாம். நம் காசு போகும்போது எப்படிச் செய்தார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

படி 4: தட்டு சுழற்றாதவர்களுக்கு டிஜிட்டல் பதிப்புகள்

டர்ன்டேபிள் இல்லையென்றால் வருந்த வேண்டாம். இந்த ஆல்பத்தின் சில மிகச் சிறந்த பதிப்புகள் டிஜிட்டலில்தான் இருக்கின்றன.

முதல் ஜப்பானிய சிடி, 1983, தோஷிபா-இஎம்ஐ, எண் சிபி35-3017. தட்டின் முகத்தில் உள்ள கருப்பு முக்கோணத்தால் ‘பிளாக் டிரையாங்கிள்’ என்று அழைக்கிறார்கள். மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை நசுக்கும் பழக்கம் சிடி உலகத்துக்கு வருவதற்கு முன் வந்தது. மென்மையானது, மூச்சு விடுவது. 1988-ல் மொபைல் ஃபிடெலிட்டியின் தங்கச் சிடி. 1992-ல் டக் சாக்ஸ் கைவைத்த மறு மாஸ்டரிங், ‘ஷைன் ஆன்’ பெட்டிக்காக.

2003-ல் வந்த எஸ்ஏசிடி ஒரு நல்ல பாடம். ஒரே தட்டில் இரண்டு அடுக்கு: எஸ்ஏசிடி பிளேயருக்கு ஒன்று, சாதாரண சிடி பிளேயருக்கு ஒன்று. ஸ்டீரியோஃபைல் இதழ் இரண்டையும் அளந்து பார்த்தபோது, சிடி அடுக்கில் ஒலியின் உச்சங்கள் அமுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஒரே நாள், ஒரே நாடா, ஒரே தட்டு. ஒலி மட்டும் இரண்டு. எஸ்ஏசிடி பிளேயரில் கேட்டவர் மெய்மறந்ததும், சிடி பிளேயரில் கேட்டவர் உதட்டைப் பிதுக்கியதும் இதனால்தான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அதே எஸ்ஏசிடியில் கத்ரியின் 5.1 மிக்ஸும் (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், பேஸுக்கு ஒன்று) இருக்கிறது. இதற்காக அவர் ஸ்டீரியோ மாஸ்டரை விட்டுவிட்டு முதல் தலைமுறை 16 டிராக் நாடாக்களுக்கே திரும்பிப் போனார். படி 1-ல் சொன்னேனே, நாடா மாறும்போது இழந்த நுணுக்கம், அது இங்கே திரும்பி வருகிறது. 2011-ன் ‘இம்மர்ஷன்’ பெட்டியில் உள்ள புளூ-ரேயில் இந்த 5.1, உயர்தர ஸ்டீரியோ, அதோடு ஆலன் பார்சன்ஸ் 1973-ல் செய்த நான்கு ஸ்பீக்கர் மிக்ஸ் மூன்றும் உண்டு. அறையில் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் வைத்திருப்பவர் அந்தப் பார்சன்ஸ் மிக்ஸை ஒருமுறையாவது கேட்க வேண்டும். ‘டைம்’ பாட்டின் கடிகாரங்களை அவர் பழைய கடிகாரக் கடை ஒன்றில் தனித்தனியாகப் பதிவு செய்ததே நான்கு ஸ்பீக்கர் சோதனைக்காகத்தான். 2023-ல், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் கத்ரியின் டால்பி அட்மாஸ் மிக்ஸும் வந்துவிட்டது.

படி 5: உங்கள் ஊசியை முதலில் சரிசெய்யுங்கள்

இதைச் செய்யாமல் பதிப்புகளை ஒப்பிடுவது, பவர் மாறிப்போன கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டுப்புடவை நிறம் பார்ப்பதுபோல.

ஊசியின் அழுத்தத்தைச் சின்ன டிஜிட்டல் தராசில் அளந்து, கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் சிறு கருவி) தயாரிப்பாளர் சொன்ன கிராமில் வையுங்கள். குறைத்து வைத்தால் தட்டு பிழைக்கும் என்று நினைக்காதீர்கள். அழுத்தம் போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் மோதிக் குதறும், சேதம் அதிகம். அடுத்து கோணம் பார்க்கும் புரொட்ராக்டர் அட்டையை வைத்து கார்ட்ரிட்ஜின் கோணத்தை நேராக்குங்கள். தட்டின் உள்வட்டத்தில் இதன் வித்தியாசம் உடனே கேட்கும்.

புதுத் தட்டாக இருந்தாலும் கழுவுங்கள். காய்ச்சி வடித்த நீர், வினைலுக்கான மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே தேய்ப்பது, லேபிளில் நீர் படாமல் பார்ப்பது, நிழலில் காயவைப்பது. காகித உறையைத் தூக்கிவிட்டுப் பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றுங்கள்.

படி 6: ஒப்பிட்டுக் கேளுங்கள்

முதலில் ஒலி அளவைச் சமமாக்குங்கள். இதைத் தவறவிட்டால் எல்லாம் வீண். இரண்டில் எது துளி உரக்க ஒலிக்கிறதோ அதையே ‘நல்ல ஒலி’ என்று காது சொல்லும். ஒவ்வொரு பதிப்பும் வெவ்வேறு அளவில் வெட்டப்பட்டிருக்கும். ஃபோனில் ஒலி அளக்கும் செயலியை ஒரே இடத்தில் வைத்து, ஒரே பகுதியை ஓட்டி, வால்யூமைச் சரிசெய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அப்புறம் இந்த இடங்களைக் கேளுங்கள்.

தொடக்க இதயத் துடிப்பு. ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல எழும். வினைலின் இரைச்சலுக்கு எத்தனையாவது விநாடியில் அது மேலே வருகிறது என்று கவனியுங்கள். அச்சின் தரம் இங்கேயே தெரிந்துவிடும்.

‘டைம்’. கடிகாரங்கள் ஒரே சமயத்தில் வெடிக்கும்போது ஒவ்வொரு மணியையும் தனியாகப் பிரித்தெடுக்க முடிகிறதா? அதன் பின் குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் ரோட்டோடாம் டிரம்களை வாசிக்கும் நீண்ட பகுதியில், ஒரு தட்டு முடிந்து அடுத்தது வரும் வரை அதிர்வு அறைக்குள் எவ்வளவு நேரம் நிற்கிறது? நசுக்கிய பதிப்புகளில் அந்த வால் வெட்டுப்படும்.

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. என்னைப் பொறுத்தவரை மொத்தப் பரீட்சையும் இங்கேதான். வார்த்தையே இல்லாமல் கிளேர் டோரி குரலை உச்சத்துக்குக் கொண்டுபோகிறார். அது வரும் இடமோ முதல் பக்கத்தின் கடைசி. தட்டின் உள்வட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பள்ளத்தின் நீளம் குறைவு. அதே அளவு ஒலியைக் குறைந்த இடத்தில் நெருக்கி எழுத வேண்டும், ஊசி திணறும் இடம். பழைய கனத்த ஊசிகள் முதலில் தின்றதும் இந்த இடத்தைத்தான்.

ஒருமுறை ‘கிட்டத்தட்ட புதுசு’ என்று சொல்லி ஒருவர் விற்ற 1973 பிரதியை வாங்கினேன். விளக்கின் கீழே பார்த்தால் கீறலே இல்லை, கண்ணாடிபோல மின்னியது. ‘பிரீத்’ அவ்வளவு அழகாக ஓடியது. ‘டைம்’ வரை குறையே இல்லை. இந்தக் குரல் உச்சத்துக்குப் போனதும் ஓரத்தில் மணலை அள்ளித் தேய்த்ததுபோல ஒரு கரகரப்பு. கழுவினேன், ஊசியை மாற்றினேன், கோணத்தைத் திருத்தினேன். போகவில்லை. பள்ளச் சுவரே தேய்ந்திருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது. அன்றிலிருந்து இந்த ஆல்பத்தை எங்கே வாங்கினாலும் முதல் பக்கத்தின் கடைசி மூன்று நிமிடத்தைப் போட்டுக் காட்டச் சொல்கிறேன், தொலைவில் இருப்பவரிடம் ஒலிப்பதிவு அனுப்பச் சொல்கிறேன்.

இரண்டாம் பக்கம் இன்னும் நீளம், ஏறக்குறைய 23 நிமிடம். ‘மணி’யின் நாணயச் சத்தங்கள் இடமும் வலமுமாகத் தெளிவாக விழ வேண்டும். ‘அஸ் அண்ட் தெம்’மில் சாக்ஸஃபோன் உங்களுக்கு முன்னால் ஓர் ஆள் நிற்கும் அளவில் இருக்க வேண்டும், சுவர் அளவுக்கு வீங்கக் கூடாது.

படி 7: வாங்குங்கள்

பட்ஜெட் குறைவு, எல்பி வேண்டும் என்றால் 2016-ன் வழி வந்த புதுத் தட்டு. கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம், காத்திருக்கவும் முடியும் என்றால் 2003. பழைய தட்டுகளைப் பார்த்துப் பார்த்து வாங்கும் பொறுமையும், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் வசதியும் இருந்தால் 1973 பிரிட்டிஷ் அச்சு. சிடி மட்டும் என்றால் பிளாக் டிரையாங்கிள் அல்லது 1992. எஸ்ஏசிடி பிளேயரோ புளூ-ரேயோ இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அந்த வழி. மொபைல் ஃபிடெலிட்டி 1979-ஐ ஒரு நண்பர் வீட்டில் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள், அது உங்கள் ஸ்பீக்கரைப் பொறுத்தது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: டெட் வாக்ஸின் தெளிவான படம், லேபிளின் படம், வளைவு இருக்கிறதா, முதல் பக்கக் கடைசியின் ஒலிப்பதிவு. தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். தட்டை உள்ளுறையோடு அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பயணத்தில் தட்டின் விளிம்பு அட்டையைக் கிழித்துவிடும்.

வந்ததும் அன்றே ஒரு முறை முழுசாகக் கேளுங்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள். இரண்டாம் பக்கம் ‘எக்ளிப்ஸ்’ முடிந்ததும் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிடாதீர்கள். மறுபடியும் இதயத் துடிப்பு வரும், தேய்ந்துகொண்டே போகும். நல்ல பிரதியில் அதன் கடைசித் துடிப்பு வரை எண்ணலாம்.